பாரமும் ஆழமும்: மீத்திறன் குழந்தைக்கு எந்தப் பாடத்திட்டம்?

கொடைக்கானலில் 1901-இல் அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார்கள். ஹைகிளர்க் என்ற பெயரில் நடந்த அந்தப் பள்ளி பிற்பாடு கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி ஆனது. இன்டர்நேஷனல் பாக்கலோரியா, அதாவது ஐ.பி. பாடத்திட்டம், 1976-இல் இந்தியாவுக்குள் முதன்முதலாக நுழைந்தது அங்கேதான். அதன்பின் நீண்ட காலம் ஐ.பி. என்பது மலைமேல் படிக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளின் சமாச்சாரமாகவே இருந்தது. இன்று சென்னையிலும் கோவையிலும் அதே பெயர் சாலையோர விளம்பரப் பலகைகளில் இருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைக்கு உலகத் தரத்தில் சவால் தருவதாக வாக்குறுதி சொல்கிறது.

அந்த வாக்குறுதி பாடத்திட்டத்தோடு பிறந்ததில்லை. 1968-இல் ஜெனீவாவில் ஐ.பி. அமைப்பு உருவானபோது அதன் முன் இருந்த சிக்கல் வேறு. ஐ.நா. அலுவலர்கள், தூதரகக்காரர்கள் என்று ஊர் ஊராக மாற்றலாகிப் போகிறவர்களின் பிள்ளைகள் எந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தில் எந்தச் சான்றிதழைக் காட்டிச் சேர்வது என்பதுதான் கேள்வி. கேம்பிரிட்ஜ் தேர்வுகளின் கதை இன்னும் பழையது. 1858-இல் இங்கிலாந்துப் பள்ளிகளுக்காகத் தொடங்கிய தேர்வுக் குழு, சில ஆண்டுகளிலேயே காலனிகளுக்குக் கப்பலேறியது. அந்த மரபில் 1988-இல் முதல் தேர்வு நடத்திய ஐ.ஜி.சி.எஸ்.இ.யில் கணிதம் போன்ற பாடங்களுக்கு அடிப்படை நிலை, விரிவு நிலை என்று இரண்டு படிகள் உண்டு. சுமாராகப் படிப்பவரையும் நன்றாகப் படிப்பவரையும் ஒரே குடைக்குள் கொண்டுவரும் ஏற்பாடு அது. ஆக, இரண்டுமே மீத்திறன் குழந்தையை மனத்தில் வைத்து உண்டானவை இல்லை. பல நாட்டு மாணவர்களை ஒரே அளவுகோலில் அளக்க உண்டானவை.

நம் பெற்றோர் இந்தப் பாடத்திட்டங்களை ஒப்பிடும்போது கேட்கும் கேள்வி "எது கஷ்டம்?" என்பது. அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று பாரம்: எத்தனை பாடம், எத்தனை கட்டுரை, எத்தனை கெடு தேதி. மற்றது ஆழம்: ஒரு பாடத்துக்குள் எவ்வளவு தூரம், எவ்வளவு வேகமாகப் போக விடுகிறார்கள். மீத்திறன் உள்ள பிள்ளை பாரத்தைப் பெரும்பாலும் சுமந்துவிடும், முனகிக்கொண்டாவது. அதற்குக் குறைவது ஆழம். ஆழத்தைத் தீர்மானிப்பதில் பாடத்திட்டத்தின் பெயருக்கு உள்ள பங்கு, விளம்பரப் பலகை சொல்வதைவிட மிகக் குறைவு என்பதே என் வாதம்.

ஐ.பி. டிப்ளமோ நம் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குச் சமமான இரண்டாண்டுப் படிப்பு. ஒரு மொழியின் இலக்கியம், இரண்டாவதாக ஒரு மொழி, வரலாறு அல்லது பொருளியல் போன்ற ஒன்று, ஓர் அறிவியல், கணிதம், ஆறாவதாக ஒரு கலை அல்லது மேற்சொன்ன பிரிவுகளிலிருந்தே இன்னொன்று என ஆறு பாடங்கள். இவற்றில் மூன்றையோ நான்கையோ 'ஹையர் லெவல்' எனப்படும் உயர்நிலையில் எடுக்க வேண்டும். உயர்நிலைக்கு 240 மணி நேரம், மற்றதற்கு 150 மணி நேரம் வகுப்பு என்பது கணக்கு. பாடத்துக்கு 7 புள்ளி வீதம் 42. அறிவுக் கோட்பாடு என்ற பாடத்துக்கும் 4,000 சொல் ஆய்வுக் கட்டுரைக்கும் சேர்த்து 3. மொத்தம் 45. படைப்பு, உடற்செயல், சேவை என்று மதிப்பெண் இல்லாத ஒரு கட்டாயப் பகுதியும் உண்டு. அதை முடிக்காவிட்டால் புள்ளிகள் எத்தனை இருந்தாலும் டிப்ளமோ கையில் வராது.

இந்த அமைப்புக்குப் பின்னால் ஒரு மனிதரின் பிடிவாதம் இருக்கிறது. ஐ.பி.யின் முதல் தலைமை இயக்குநர் அலெக் பீட்டர்சன், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கல்வித் துறையை நடத்தியவர். பதினாறு வயதிலேயே மூன்று பாடங்களுக்குள் மாணவரை அடைத்துவிடும் இங்கிலாந்து வழக்கம் அவருக்கு ஒவ்வவில்லை. இலக்கியம் படிப்பவர் கணிதத்தையும், இயற்பியல் படிப்பவர் வரலாற்றையும் கைவிடக்கூடாது என்று நினைத்தார். அவர் எதிர்த்த அதே வழக்கத்தின் பெயர்தான் ஏ லெவல். கேம்பிரிட்ஜ் வழியில் போகும் மாணவர் பெரும்பாலும் மூன்று பாடங்கள் எடுப்பார், தெம்பிருந்தால் நான்கு. கணிதம், மேல்கணிதம், இயற்பியல், வேதியியல் என்று எடுத்துக்கொண்டு, இலக்கியத்தையும் வரலாற்றையும் அன்றோடு மூட்டை கட்டிவிடலாம். யாரும் கேட்க மாட்டார்கள்.

இரண்டில் எது உயர்வு என்பது வீண் சர்ச்சை. எந்தப் பிள்ளைக்கு என்பதே கேள்வி. எல்லாப் பாடத்திலும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடும் குழந்தைகள் இருக்கிறார்கள். இலக்கியம் படித்தால் அதிலும் தோய்வார்கள், வேதியியல் படித்தால் அதிலும் தோய்வார்கள். அவர்களுக்கு ஐ.பி. ஒரு விருந்து. சொல்லிலும் வாதத்திலும் வரலாற்றிலும் கூர்மையான பிள்ளைகளுக்கு அதைவிடச் சிறந்த பள்ளிப் படிப்பு இந்தியாவில் கிடைப்பது அரிது என்றே சொல்வேன். பதினேழு வயதில் சொந்தமாக ஒரு கேள்வியை எடுத்து 4,000 சொல்லில் வாதாடக் கற்றுக்கொடுக்கும் இடம் நம் வாரியங்களில் இல்லை. ஆனால் ஒரே திசையில் பாயும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு அதே அமைப்பு கழுத்துக் கயிறாகலாம்.

ராமானுஜனை இந்தப் பேச்சில் இழுப்பது நம் ஊர் வழக்கம். சலித்துப்போன வழக்கமும்கூட. ஆனாலும் ஒரு நிர்வாக விவரத்துக்காக இழுக்க வேண்டியிருக்கிறது. 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணிதம் தவிர்த்த பாடங்களில் தவறி அதை இழந்தார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வைத் தாண்டவில்லை. அன்றைய தேர்வு விதி, எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் தேர்ச்சி. ஐ.பி.யிலும் குறைந்தது 24 புள்ளி வேண்டும், எந்தப் பாடத்திலும் 1 வாங்கக் கூடாது, உயர்நிலைப் பாடங்களில் மட்டும் 12 தேற வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் இருக்கின்றன. இன்றைய பிள்ளை அந்த அளவுக்குச் சறுக்காது என்பது உண்மைதான். ஆனால் 24-க்குப் பதிலாக 40-ஐக் குறிவைக்கும் பிள்ளை, தனக்குப் பிடிக்காத மூன்று பாடங்களுக்காகப் பிடித்த பாடத்தின் நேரத்தை அறுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆழம் என்று நான் சொல்வது என்ன என்பதை ஒரு கணக்கை வைத்துப் பார்க்கலாம்.

ஒரு வட்டத்தின் விளிம்பில் இரண்டு புள்ளிகள் வைத்து ஒரு கோட்டால் இணைத்தால் வட்டம் இரண்டு துண்டாகும். மூன்று புள்ளிகள் வைத்து எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்தால் நான்கு துண்டு. நான்கு புள்ளிக்கு எட்டு. ஐந்துக்குப் பதினாறு. ஆறு புள்ளிக்கு? மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டிக்கொள்ளாதபடி புள்ளிகளை வைக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. வகுப்பில் கேட்டால் கைகள் சடசடவென்று உயரும்: முப்பத்திரண்டு. படம் போட்டு எண்ணினால் முப்பத்தொன்று.

கோச்சிங் சென்டரில் பயிலும் மாணவருக்கு இதற்குச் சூத்திரம் தெரியும். புள்ளிகளை நான்கு நான்காகத் தேர்ந்தெடுக்கும் வழிகள், இரண்டிரண்டாகத் தேர்ந்தெடுக்கும் வழிகள், அவற்றோடு ஒன்று. பத்துப் புள்ளி என்றால் 210, 45, 1, ஆக 256. நான்கு விடைகளில் சரியானதைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். ஜே.இ.இ. கேட்பது அந்த வேகத்தைத்தான். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, வேகமும் ஒரு திறன்.

ஐ.பி. உயர்நிலைக் கணிதத்தின் மூன்றாம் தாள் வேறு மாதிரி. இரண்டே நீண்ட வினாக்கள். இதே கணக்கை அங்கே கொடுத்தால் முதலில் சிறிய எண்களுக்கு எண்ணச் சொல்வார்கள், பிறகு ஓர் ஊகம் சொல்லச் சொல்வார்கள், ஊகம் எங்கே உடைகிறது என்று காட்டச் சொல்வார்கள், கடைசியில் பொதுச் சூத்திரத்துக்குக் கைபிடித்து அழைத்துப் போவார்கள். நல்ல வினா. ஆனால் கைபிடித்துத்தான் அழைத்துப் போகிறார்கள்.

மீத்திறன் பிள்ளை இங்கே நிற்காது. 256 என்ற எண்ணைப் பார்த்ததும் அதற்கு ஏதோ உறுத்தும். ஆறாம் புள்ளியில் கைவிட்டுப் போன இரண்டின் அடுக்கு, பத்தாம் புள்ளியில் எப்படித் திரும்பி வந்தது? தற்செயலா? சூத்திரத்தைத் திருப்பி எழுதிப் பார்த்தால், விடை பாஸ்கல் முக்கோணத்தில் ஒளிந்திருப்பது தெரியும். உச்சியில் உள்ள 1-ஐப் பூஜ்ய வரிசை என்று வைத்துக்கொண்டால், புள்ளிகளின் எண்ணிக்கையைவிட ஒன்று குறைவான வரிசையின் முதல் ஐந்து எண்களைக் கூட்டினால் வருவதே துண்டுகளின் எண்ணிக்கை. ஐந்து புள்ளி வரைக்கும் அந்த வரிசையில் ஐந்து எண்களுக்கு மேல் கிடையாது. முழு வரிசையும் கூட்டுக்குள் வந்துவிடுவதால் இரண்டின் அடுக்கு. ஆறு புள்ளிக்கு வரிசை 1, 5, 10, 10, 5, 1. கடைசி 1 விடுபடுகிறது, 32 என்பது 31 ஆகிறது. பத்துப் புள்ளிக்கு வரிசையில் பத்து எண்கள், முதல் ஐந்து சரிபாதி. 512-இல் பாதி 256. தற்செயல் இல்லை.

இந்தக் கடைசிப் படியை எந்தப் பாடத்திட்டமும் தேர்வில் கேட்காது. ஐ.பி.யில் அதற்கு ஒரு சந்து இருக்கிறது: மாணவர் தானே தேர்ந்த கேள்வியை ஆராய்ந்து எழுதும் கணிதக் கட்டுரை, மொத்த மதிப்பெண்ணில் 20 சதவீதம். மேலே சொன்னது அப்படியொரு கட்டுரைக்கு அழகான விதை. ஆசிரியருக்குக் கணிதத்தில் ருசி இருந்தால் அந்தச் சந்து ராஜபாட்டை ஆகும். ருசி இல்லாதவர் சென்ற ஆண்டு நல்ல மதிப்பெண் வாங்கிய கட்டுரையை வார்ப்பாகக் கொடுத்து, இதே மாதிரி எழுதி வா என்பார். பாடத்திட்டம் ஒன்றே, பிள்ளைக்குக் கிடைப்பது வேறு.

உள்ளடக்கத்தின் உயரத்தை மட்டும் பார்த்தால், கணிதத்தில் கேம்பிரிட்ஜுக்கே முன்னிலை. அதன் ஏ லெவல் மேல்கணிதத்தில் அணிகள், அதிபரவளையச் சார்புகள், துருவ ஆயங்கள், இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடுகள் எல்லாம் உண்டு. ஐ.பி.யிலும் முன்பு மேல்கணிதம் என்று தனிப் பாடம் இருந்தது. கணிதத்தை இரண்டு கிளைகளாகப் பிரித்து 2019-இல் புதிய பாடத்திட்டம் கொண்டுவந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். இப்போது கணிதத்தில் ஆர்வமுள்ளவர்கள் எடுக்கும் 'அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ்' கிளையில் உயர்நிலையில்கூட அணிகள் இல்லை, இன்னொரு கிளையில்தான் இருக்கின்றன. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தின் பிளஸ் 2 கணித நூலில் முதல் அத்தியாயமே அணிகளும் அணிக்கோவைகளும் என்பதை, மாநிலப் பாடத்திட்டம் என்றாலே முகம் சுளிப்பவர்கள் கவனிக்கலாம்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறை இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஏ லெவலில் உச்ச மதிப்பெண்ணும் அதற்குப் போதாது, ஐ.பி.யில் 42-ம் போதாது. 'ஸ்டெப்' என்ற தனித் தேர்வும் எழுதித் தேற வேண்டும். நீளமான, வழிகாட்டாத கணக்குகள். உச்சியில் இருப்பவர்களை ஒருவரிலிருந்து ஒருவர் பிரித்துப் பார்க்க இரண்டு பாடத்திட்டங்களாலும் முடியவில்லை என்பதற்கு இதைவிட வேறு வாக்குமூலம் வேண்டாம்.

இவ்வளவும் கடைசி இரண்டு ஆண்டுகளைப் பற்றியது. பெற்றோரின் ஒப்பீடுகள் எல்லாமே அங்கேதான் குவிகின்றன, ஏனென்றால் அங்கேதான் புள்ளிகள், தரவரிசை, கல்லூரிப் பெயர்கள். ஆனால் மீத்திறன் குழந்தை பள்ளியில் அலுத்துப்போவது பதினேழு வயதில் இல்லை. நான்காம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் அது நடந்து முடிந்துவிடும். தெரிந்ததையே திரும்பச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் அமர்ந்து, உழைக்காமலே முதலிடம் வாங்கிப் பழகிய பிள்ளை, பதினோராம் வகுப்பில் முதல்முறையாக ஒரு கஷ்டமான கணக்கைப் பார்த்ததும் உறைந்துபோகும். உழைக்கும் பழக்கமே அதற்கு உண்டாகியிருக்காது.

அந்த வயதில் சர்வதேசப் பாடத்திட்டங்கள் என்ன தருகின்றன? ஐ.பி.யின் தொடக்கநிலைத் திட்டம் 1997-இலும் நடுநிலைத் திட்டம் 1994-இலும் வந்தவை. இரண்டுமே எந்தப் பாடத்தை எந்த வகுப்பில் நடத்த வேண்டும் என்று வரி வரியாக விதிப்பதில்லை. ஒரு சட்டகத்தைக் கொடுத்து, உள்ளே நிரப்பும் பொறுப்பைப் பள்ளியிடமே விடுகின்றன. நல்ல கணித ஆசிரியர் இருக்கும் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளை எண் கோட்பாட்டில் திளைக்கும். இல்லாத பள்ளியில் அதே ஏழாம் வகுப்பு, சார்ட் பேப்பரில் பின்னங்களுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு வாசலிலும் ஒரே இலச்சினை தொங்கும். கேம்பிரிட்ஜ் வழியில் பாடம் வரையறுக்கப்பட்டது, அதனால் அடித்தளம் உறுதி. கூடவே ஒரு சௌகரியமும் இருக்கிறது. ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வுக்கு வயது வரம்பு இல்லை. பதின்மூன்று வயதில் கணிதத்தை மட்டும் எழுதி முடித்துவிட்டு மேலே போக விரும்பும் பிள்ளைக்கு விதி குறுக்கே நிற்காது. பள்ளி நிற்கலாம்.

வேகப்படுத்துவது பற்றி ஆய்வுலகம் சொல்வது ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி என்ற உளவியலாளர் 1971-இல் ஒரு நீண்டகால ஆய்வைத் தொடங்கினார். வகுப்புத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கும் இரண்டு பிள்ளைகள் ஒரே உயரம் என்று அர்த்தமில்லை, அளவுகோல்தான் அங்கே முடிந்துவிடுகிறது என்பது அவர் பார்வை. அதனால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வைக் கொடுத்தார். ஏழாம் வகுப்பில் சமமாகத் தெரிந்தவர்கள் அதில் சிதறிப் பிரிந்தார்கள். பின்னாளில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் கமிலா பென்போவும் டேவிட் லூபின்ஸ்கியும் அந்த ஆய்வைத் தொடர்ந்தார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்கிறது அது. கணிதத்தில் ஒரே அளவு திறனுள்ளவர்களில் வகுப்பு தாண்டிப் படித்தவர்களை, தாண்டாதவர்களோடு ஒப்பிட்டபோது, அறிவியல் துறைகளில் முனைவர் பட்டமும் ஆய்வு வெளியீடுகளும் முன்னவர்களுக்கே கூடுதலாகவும் சீக்கிரமாகவும் வாய்த்திருந்தன. ஆஸ்திரேலியாவில் மிராக்கா கிராஸ் மிக உயர்ந்த நுண்ணறிவு ஈவு கொண்ட அறுபது குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்ததும் அதே திசையில்தான் முடிந்தது. தன் வயதுப் பிள்ளைகளோடு இருந்தால்தான் மனம் கெடாது என்று நிறுத்திவைக்கப்பட்டவர்களே நட்பிலும் மனநலத்திலும் அதிகம் தவித்தார்கள்.

நம் ஊரில் இதற்கு டபுள் புரமோஷன் என்று பெயர். தாத்தா தலைமுறையில் சர்வ சாதாரணம். தலைமை ஆசிரியர் பையனைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டு, "நாளையிலிருந்து ஆறாம் வகுப்பில் உட்கார்" என்பார். பிறந்த தேதியும் இணையவழி மாணவர் பதிவேடும் ஆண்டுக் கட்டணமும் ஆளத் தொடங்கியபின் அந்த வழக்கம் போய்விட்டது. முழு வகுப்பையே தாண்டுவதும் எப்போதும் தேவைப்படாது. அடிலெய்டில் வளர்ந்த கணித மேதை டெரன்ஸ் தாவ் ஒன்பது வயதிலேயே பல்கலைக்கழகக் கணித வகுப்புகளில் அமர்ந்தவர். ஆனால் முழுநேரப் பல்கலைக்கழக மாணவர் ஆனது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். கணிதத்துக்கு ஒரு வேகம், மற்றவற்றுக்கு வேறு வேகம். இப்படிப் பாடவாரியாக நகர்த்துவதற்குப் பாடத்திட்டத்தின் அனுமதி எதுவும் வேண்டியதில்லை. ஏழாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் கணித வகுப்பை ஒரே பீரியடில் வைத்தால் போதும், பிள்ளை எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடலாம்.

சிங்கப்பூர் இந்த முடிவுக்கு நாற்பது ஆண்டு கழித்து வந்தது. அங்கே 1984-இல் மீத்திறன் கல்வித் திட்டம் தொடங்கியது. தொடக்கப்பள்ளி மூன்றாம் ஆண்டில் தேர்வு வைத்து, உச்சியிலுள்ள ஒரு சதவீதத்தைப் பிரித்துச் சில பள்ளிகளில் குவித்தார்கள். அந்தத் தேர்வுக்கே டியூஷன் வகுப்புகள் முளைத்தன. 2024 ஆகஸ்டில் பிரதமர் லாரன்ஸ் வோங், திட்டம் அந்த வடிவத்தில் தொடராது என்று அறிவித்தார். இனிப் பிள்ளைகள் தங்கள் பள்ளியிலேயே இருப்பார்கள். எந்தப் பாடத்தில் வலுவோ அதில் மட்டும் கூடுதல் வகுப்புகள். தமிழ்க் குடும்பங்கள் உட்பட அங்குள்ள பெற்றோர் இந்த மாற்றத்தை ஒரு தலைமுறைக் கனவின் கலைப்பாகப் பார்க்கலாம். எனக்கு அது நேரான அறிவாகப் படுகிறது.

பள்ளியின் பெயருக்குத் தரும் விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் மாணவர்களின் சராசரி இத்தனை புள்ளி என்று சேர்க்கைக் கையேட்டின் முதல் பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள். உள்ளே எடுக்கும்போதே வடிகட்டி எடுத்த பள்ளியின் சராசரி உயரமாக இருப்பதில் பள்ளியின் சாதனை எவ்வளவு? பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் நுழைவுத் தேர்வுப் பள்ளிகளை வைத்து அப்துல்கதிரோக்லு, ஆங்ரிஸ்ட், பாதக் என்ற பொருளியலாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, நூலிழையில் இடம் பிடித்தவர்களையும் நூலிழையில் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டது. பக்கத்து இருக்கைக்காரர்களின் தரம் தலைகீழாக மாறியும், பிற்பாடு வந்த தேர்வு மதிப்பெண்களில் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. விளிம்பில் நின்றவர்களைப் பற்றிய ஆய்வு அது. உச்சியில் இருப்பவர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் கையேட்டுச் சராசரியைப் பார்த்துக் காசோலை எழுதும் கையைக் கொஞ்சம் தாமதிக்க வைக்கும்.

இந்தியாவிலேயே கல்லூரி படிக்கப்போகும் பிள்ளைக்கு வேறு சிக்கல்கள் உண்டு. இவை சேர்க்கை நாளில் வெளியே வராது. பிளஸ் 2-க்கு நிகர் என்ற அங்கீகாரம் இரண்டு பாடத்திட்டங்களுக்கும் இருக்கிறது. ஜே.இ.இ. தகுதிப் பட்டியலில் ஐ.பி.யும் உண்டு, லண்டன், கேம்பிரிட்ஜ், இலங்கை உயர்தரத் தேர்வுகளும் உண்டு. ஆனால் கதவு திறந்திருப்பதும் உள்ளே போக நேரம் கிடைப்பதும் ஒன்றில்லை. ஐ.பி.யின் இரண்டாம் ஆண்டில் கட்டுரைக் கெடுக்கள் குவியும் மாதங்களில்தான் ஜே.இ.இ. பயிற்சியும் உச்சத்தில் இருக்கும். ஐ.ஐ.டி.தான் இலக்கு என்று முடிவாகிவிட்ட பிள்ளைக்கு ஐ.பி. தேவையில்லாத பாரம். மருத்துவம் என்றால் இன்னொரு முடிச்சு. நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். ஐ.பி.யின் வழக்கமான அமைப்பில் இரண்டு அறிவியலுக்குத்தான் இடம். மூன்றாவதைச் சேர்க்க முன்கூட்டியே தனி அனுமதி வாங்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பின் முதல் வாரத்திலேயே இதைப் பேசாத குடும்பங்கள் பிறகு அல்லாடுகின்றன. மே மாதம் எழுதும் ஐ.பி. தேர்வின் முடிவு ஜூலை முதல் வாரத்தில் வருவதும் இங்குள்ள விண்ணப்ப அட்டவணைகளோடு மோதும். கேம்பிரிட்ஜ் இதை உணர்ந்து, இந்தியாவுக்கென்றே மார்ச் மாதத் தேர்வு நடத்துகிறது.

இலங்கையில் கத்தி இன்னும் கூர்மை. கொழும்பின் சர்வதேசப் பள்ளிகள் பல, கம்பனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவானவை. அங்கே லண்டன் அல்லது கேம்பிரிட்ஜ் உயர்தரம் எழுதும் பிள்ளை, கட்டணமில்லாத அரச பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழக்கமான வழியிலிருந்து விலகிவிடுகிறது. அந்த வாசலின் சாவி உள்நாட்டு உயர்தரமும், அதன் தரப்படுத்திய மதிப்பெண்ணான இசட் புள்ளியும். உள்நாட்டுத் தேர்வின் இணைந்த கணிதம் எத்தனை கடினம் என்பதை யாழ்ப்பாணத்தில் எந்த டியூட்டரி வாசலில் நின்றாலும் சொல்வார்கள். சவாலுக்காக மட்டும் சர்வதேசப் பாடத்திட்டம் தேடுவதாக இருந்தால் அங்கே அந்தக் காரணமே எடுபடாது.

தமிழ் பற்றிய கவலையும் சில வீடுகளில் எழும், எழ வேண்டும். ஐ.பி.யில் இதற்கு அதிகம் பேர் பயன்படுத்தாத ஓர் ஏற்பாடு இருக்கிறது. பள்ளியில் ஆசிரியர் இல்லாத தாய்மொழியின் இலக்கியத்தை, பள்ளியின் மேற்பார்வையில் மாணவர் தானே படித்துத் தேர்வெழுதலாம். பெரும்பாலான பெற்றோர் இந்தியோ பிரெஞ்சோ போதும் என்று விட்டுவிடுகிறார்கள். கேட்டால்தானே கிடைக்கும்.

அப்படியானால் ஒரு பள்ளிக்குப் போய் எதைக் கேட்பது? நீச்சல் குளத்தைக் காட்டி முடித்தபின், உயர்நிலைக் கணிதம் நடத்தும் ஆசிரியரோடு கால் மணி நேரம் பேச முடியுமா என்று கேட்கலாம். சேர்க்கை அலுவலர் தயங்கினால் அதுவே பாதி விடை. சென்ற ஆண்டு மாணவர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்புகளைப் பார்க்கக் கேட்கலாம். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறதா, அல்லது ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் கிறுக்கைக் காட்டுகிறதா என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடும். உயர்நிலைக் கணிதமும் இயற்பியலும் எத்தனை பேர் எடுத்தார்கள், ஒரு பாடத்துக்கு ஆசிரியர் எத்தனை ஆண்டாக இருக்கிறார், ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்பதாம் வகுப்புக் கணிதத்துக்குப் போன முன்னுதாரணம் உண்டா என்பவை அடுத்த கேள்விகள். கடைசிக் கேள்விக்கு "எங்கள் சட்டகமே ஒவ்வொரு குழந்தைக்கும் ஏற்றபடி விரியும்" என்று பதில் வந்தால், அப்படி விரிந்த ஒரு குழந்தையின் கால அட்டவணையைக் காட்டச் சொல்ல வேண்டும்.

இத்தனை லட்சம் கட்ட முடியாத வீடுகளிலும் இந்தப் பிள்ளைகள் பிறக்கிறார்கள். அவர்களே அதிகம். ஒரு சாதாரண சி.பி.எஸ்.இ. அல்லது மாநிலப் பாடத்திட்டப் பள்ளியில், மாலையில் அரை மணி நேரம் கூடுதலாக உட்காரச் சம்மதிக்கும் கணித ஆசிரியர் ஒருவர் இருந்தால் செய்ய நிறைய இருக்கிறது. எட்டாம் வகுப்பிலிருந்தே இந்தியக் கணித ஒலிம்பியாடின் முதல் கட்டத் தேர்வை எழுதலாம். பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசம். அங்கிருந்து மண்டல, தேசியச் சுற்றுகள், தேறினால் மும்பை ஹோமி பாபா மையத்தின் பயிற்சி முகாம். தேசியச் சுற்றில் சிறந்தவர்களைச் சென்னை கணிதவியல் கழகம் தன் நுழைவுத் தேர்வு இல்லாமலேயே சேர்த்துக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டுக் கல்லூரிதான் குறி என்றால், ஐ.பி.யைப் போலன்றி, அமெரிக்காவின் ஏ.பி. கால்குலஸ் தேர்வையோ ஏ லெவல் தேர்வுகளையோ தனித்தேர்வராகப் பதிவுசெய்து எழுத வழி உண்டு. கட்டணம் தேர்வுக்கு மட்டும்தான். நான்கைந்து ஆண்டுப் பள்ளிக் கட்டணத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டுக் காகிதம் போதும்.